இடித்த ஜல்லி, அனல்மின் சாம்பல், உமிச்சாம்பல்: கான்கிரீட்டில் எதைக் கலக்கலாம்?

கழிவுப் பொருள்களைக் கான்கிரீட்டில் சேர்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

ஓமலூர் வாசகர்: ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுகிறோம். தளத்துக்கு அனல்மின் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டே போதும் என்கிறார் என்ஜினீயர். "அதுல பாதி சாம்பல்தான், தளத்துக்கு சாம்பல் கலக்காத ஓ.பி.சி. 53தான் வேணும்" என்கிறார் மேஸ்திரி. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: என்ஜினீயர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மேஸ்திரியின் பயத்தையும் தள்ளிவிட வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலில், பாதி சாம்பல் என்பது தவறு. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரப்படி பி.பி.சி.யில் அனல்மின் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். அது எடை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருளும் இல்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, வலிமை தரும் பசைப்பொருளோடு கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு வலிமைக்கு உதவுவதில்லை. நாளாவட்டத்தில் தண்ணீரில் கரைந்து வெளியேறி, நுண்துளைகளை விட்டுப் போகும். ஒழுகும் தளத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேலும் பசைப்பொருளை உண்டாக்குகிறது, துளைகள் அடைபடுகின்றன. நன்றாகத் தண்ணீர் காட்டிய பி.பி.சி. கான்கிரீட், மூன்று மாதத்தில் ஓ.பி.சி. கான்கிரீட்டை எட்டிப் பிடிக்கும், பல நேரம் தாண்டியும் போகும்.

ஆனால் இந்த வினை மெதுவாகத்தான் நடக்கும். மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் பி.பி.சி. பின்தங்கியே இருக்கும். மேஸ்திரி பயப்படுவது இதற்குத்தான். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகளை ஓ.பி.சி. என்றால் 7 நாளில் எடுக்கலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456, வேறு சிமென்ட் என்றால் நாளைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. பி.பி.சி. தளத்துக்கு 14 நாள், பீமுக்கு 21 நாள் சென்ட்ரிங்கைத் தொடாமல் விடுங்கள். சென்ட்ரிங் வாடகையை மிச்சம் பிடிக்க ஏழாம் நாளே பிரித்துவிட்டு, தளம் தொய்ந்தால் சிமென்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர் காட்டுவதும் அப்படித்தான். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள்; அதையும் 14 நாளாக நீட்டுவது நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓஸ் குழாயில் பீய்ச்சினால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்கூட ஈரம் நிற்காது. காய்ந்த கான்கிரீட்டில் சாம்பலின் வினை அப்படியே நின்றுபோகும்.

மேட்டூர் வாசகர்: எங்கள் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் மலிவாகக் கிடைக்கிறது. பி.பி.சி. சிமென்ட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் செலவு குறையுமே?

பதில்: பி.பி.சி.யோடு சேர்க்காதீர்கள். அந்த மூட்டையில் ஏற்கெனவே எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். நீங்கள் 20 சதவீதம் கூட்டினால் மொத்தம் பாதியைத் தொட்டுவிடலாம். சாம்பலை நீங்களே கலப்பதானால் ஓ.பி.சி. 43 அல்லது 53 வாங்கி, அதில் 20 முதல் 25 சதவீதத்தை மாற்றுவதுதான் சரியான வழி.

எந்தச் சாம்பல் என்பது அதைவிட முக்கியம். புகைபோக்கிக்குப் போகும் முன் மின்வடிகட்டியில் பிடித்து, உலர்ந்த நிலையில் சைலோவில் சேர்க்கும் சாம்பல்தான் கான்கிரீட்டுக்கு ஏற்றது. சாம்பல் குட்டையிலிருந்து பொக்லைனில் அள்ளி வரும் ஈரச் சாம்பல் வேறு. அதில் அடிச்சாம்பலும் கலந்திருக்கும், துகள் பெரிது, வினைபுரியும் தன்மை குறைவு. பள்ளம் நிரப்ப அது உதவும், சிமென்ட்டுக்கு மாற்றாகாது. நல்ல சாம்பலை விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும், நறநறவென்றால் வேண்டாம். கறுப்பாக இருந்தால் எரியாத கரி அதிகம் என்று பொருள். கலவையை இளக்கச் சேர்க்கும் ரசாயனமான அட்மிக்சரை அந்தக் கரி உறிஞ்சிக்கொள்ளும், கலவை இறுகிப்போகும், உடனே யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். ஆய்வகச் சான்றிதழ் கேட்டு வாங்கி, மூன்று எண்களைப் பாருங்கள்: 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்கு மிகாமல், நுண்மை கிலோவுக்கு 320 சதுர மீட்டருக்குக் குறையாமல், சூட்டில் எடை இழப்பு 5 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

எம்20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டுக்கு முதல் சோதனைக் கலவையாக ஒரு கன மீட்டருக்கு இப்படித் தொடங்கலாம்: ஓ.பி.சி. 255 கிலோ, சாம்பல் 85 கிலோ, தண்ணீர் 170 லிட்டர், எம்-சாண்ட் 705 கிலோ, ஜல்லி 1170 கிலோ, அட்மிக்சர் 3 கிலோ அளவில். ஜல்லியில் ஏறத்தாழ அறுபது பங்கு முக்கால் இன்ச், நாற்பது பங்கு அரை இன்ச். மணல், ஜல்லியின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீரைத் திருத்த வேண்டும். சோதனைக்கு வார்க்கும் கனசதுரமான கியூபை உடைத்துப் பார்க்காமல் இதைத் தளத்துக்குப் போடக்கூடாது.

சாம்பல் இல்லாமல் இதே தரத்துக்கு 310 கிலோ ஓ.பி.சி. போடுவோம் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 55 கிலோ சிமென்ட் மிச்சம். சிமென்ட்டாக அரைக்கும் சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு டன் தயாரிக்க ஏறத்தாழ 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து வெளிவிடுவது. அந்தக் கணக்கில் உங்களுக்குக் கன மீட்டருக்கு 45 கிலோ அளவுக்குக் குறைகிறது. இருபது கன மீட்டர் போடும் வீட்டில் அது கிட்டத்தட்ட ஒரு டன்.

ஓர் எச்சரிக்கை: பாண்டுச் சட்டிக் கணக்கில் சாம்பலை அளக்காதீர்கள். சிமென்ட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 3.15, சாம்பலுக்கு 2.2 சுற்றி. சட்டிக்குச் சட்டி மாற்றினால் எடை கணக்குக்கு வராது. தராசில் நிறுத்துப் போடுங்கள். கையால் புரட்டினால் சாம்பல் திட்டுத் திட்டாக நிற்கும். மிக்சரில் முழு இரண்டு நிமிடமாவது ஓட வேண்டும்.

சென்னை, பெரம்பூர் வாசகி: பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். இடிக்கும் ரப்பீஸை வெளியே கொட்ட லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. புது வீட்டிலேயே அதைப் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பிரிக்காமல் எதையும் தொட முடியாது. இடிக்கும் ஆட்களோடு கூலி பேசும்போதே நான்கு குவியலாகப் போடச் சொல்லிவிடுங்கள்: கான்கிரீட் துண்டுகள், செங்கல், கம்பியும் மரமும், மற்றவை. ஜிப்சம் சீலிங், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு இரண்டும் கான்கிரீட் குவியல் பக்கமே வரக்கூடாது. அவற்றிலுள்ள சல்பேட் சிமென்ட்டோடு வினைபுரிந்து உப்பும். ஓரிரு ஆண்டில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

தூய கான்கிரீட் துண்டுகளை உடைத்துச் சலித்த ஜல்லிக்கு, ஜல்லி மணலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை, ஜல்லியில் 20 சதவீதம். கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எம்15க்குக் கீழான அடிக் கான்கிரீட்டில் முழுக்கவே அதைப் போடலாம். செங்கல் கலந்த ரப்பீஸ் ஜல்லிக்கு இந்தக் கடைசி இடம் மட்டும்தான்.

வீட்டு அளவில் எங்கள் யோசனை: தூண், பீம், தளம் மூன்றிலும் புது ஜல்லியே போடுங்கள். உங்களிடம் உள்ள சரக்கை அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்டான பி.சி.சி., தரைக்கு அடியிலான கான்கிரீட், சுற்றுப்பாதை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள். ஒரு தனி வீட்டில் ரப்பீஸ் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் தண்ணீர். பழைய ஜல்லியின் மேல் பழைய கலவை ஒட்டியிருக்கும்; அது தண்ணீரைக் குடிக்கும். கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதத்துக்குள் உறிஞ்சினால், இது 5, 6 சதவீதம் உறிஞ்சும். எம்10 கலவையில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மணலும் ஜல்லியுமாக 480 கிலோ, தண்ணீர் 34 லிட்டர். அதில் ஜல்லி 320 கிலோ என்றால், காய்ந்த பழைய ஜல்லி 19 லிட்டரைக் குடித்துவிடும். சிமென்ட்டுக்கு மிஞ்சுவது 15 லிட்டர். கொட்டிய கொஞ்ச நேரத்தில் கலவை விறைக்கும். சித்தாள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். இந்த முறை அது அதிகமாகிவிடும், வலிமை போய்விடும். பழைய ஜல்லி மோசம் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உடைத்த ஜல்லியைச் சலித்து, 5 மில்லிமீட்டருக்குக் கீழான தூளைத் தனியே எடுத்து, பள்ளம் நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லியை அலசி, முதல் நாளே தொட்டியில் ஊறவிடுங்கள். போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்து, சரிவான தரையில் பரப்பித் தண்ணீரை வடியவிடுங்கள். மேற்பரப்பில் பளபளப்பு போயிருக்க வேண்டும், ஆனால் நிறம் வெளுக்கக் கூடாது, அதுதான் பதம். மிக்சரில் முதலில் ஜல்லி, மணல், பாதித் தண்ணீர் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு சிமென்ட், அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீர். இந்த வரிசையில் சிமென்ட் முதலில் ஜல்லியின் துளைகளிலும் கீறல்களிலும் கெட்டியாகப் படிகிறது, பிடிப்பு கூடுகிறது.

செங்கல் குவியலை விட்டுவிட வேண்டாம். நன்கு வெந்த பழைய செங்கலை முக்கால் இன்ச் அளவில் உடைத்தால் மொட்டை மாடிச் சுண்ணாம்புத் தளத்துக்கு முதல் தரமான ஜல்லி. நம் பொதுப்பணித் துறைக் கணக்கு 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு. செங்கல் பொடியும் வீணில்லை. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்போடு சுர்க்கி என்ற அந்தச் சுட்டமண் பொடியைக் கலந்து கட்டியதுதான். சாம்பல் செய்யும் அதே வேலையைச் சுர்க்கி செய்கிறது.

உங்கள் இடத்தில் உடைக்க வசதி இல்லை என்றால், சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. ஏரிக்கரையில் கொட்ட மட்டும் லாரிக்காரரை அனுமதிக்காதீர்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் மனை. இந்தத் தெருவில் பதினைந்து வருட வீடுகளிலேயே தளக் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. கசடு சிமென்ட் போட்டால் தடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. உங்கள் ஊருக்கு நாங்கள் முதலில் சொல்வதும் அதைத்தான். இரும்பாலை ஊதுலையில் உருகி வரும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, மாவாக அரைத்தது ஜி.ஜி.பி.எஸ். தானாக ஆறிய கசடு வெறும் கல்தான். சட்டென்று குளிர்ந்ததே வினைபுரியும். கிளிங்கரோடு இதை 25 முதல் 70 சதவீதம் வரை சேர்த்து வருவது பி.எஸ்.சி. சிமென்ட். கடலோரத்துக்கு 50 சதவீதத்துக்குக் குறையாத கசடு நல்லது. ரெடிமிக்ஸ் வாங்கினால் அந்த அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றில் வரும் குளோரைடு, கான்கிரீட்டின் துளைகள் வழியாக உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் பெயர்கிறது. கசடு கலந்த பசையில் துளைகள் மிக நுண்ணியவை. அதோடு கசடிலுள்ள அலுமினா குளோரைடில் ஒரு பகுதியைக் கட்டிப்போடுகிறது.

சிமென்ட்டை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் பலன் வராது. ஐ.எஸ். 456 கடலோரத்துக்குக் கேட்பது எம்30 தரம், தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45க்கு மிகாமல், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். உங்கள் தெருவில் பெயர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றை எடுத்து, கம்பி இருந்த தடத்திலிருந்து வெளிமுகம் வரை அளந்து பாருங்கள். பல இடத்தில் 15 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஜல்லிச் சில்லை முட்டுக் கொடுத்துக் கம்பியை உயர்த்துவதால் வரும் கோளாறு அது. தளத்துக்குப் போடும் அதே தரத்தில், கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வார்த்து, பத்து நாள் தண்ணீரில் போட்டு எடுத்துப் பயன்படுத்துங்கள்.

சென்ட்ரிங் பிரித்ததும் கான்கிரீட் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரிந்தால் பதற வேண்டாம். கசடின் இயல்பு அது. காற்றுப் பட்டுச் சில வாரத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

தூத்துக்குடி வாசகர்: கறுப்பு மணல் போல இருக்கும் தாமிரக் கசடை மணலுக்குப் பதில் போடலாமா?

பதில்: கம்பி கட்டிய கான்கிரீட்டில் மணலில் 35 சதவீதம் வரை, கம்பி இல்லாததில் 40 சதவீதம் வரை ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சாது, மணலைவிட மிகக் கனம். அதனால் மணலுக்கான தண்ணீரையே ஊற்றினால் கனமான துகள் கீழே போய், தண்ணீர் மேலே மிதந்து வரும். தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், வைப்ரேட்டரை நெடுநேரம் வைக்காதீர்கள். பூச்சு வேலைக்கு வேண்டாம்.

மதுரை வாசகி: பிளாஸ்டிக் கழிவில் சாலை போடுகிறார்கள். கான்கிரீட்டில் ஏன் போடக்கூடாது?

பதில்: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய தார்ச்சாலை முறையைச் சொல்கிறீர்கள். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தப் பணிக்காகத்தான். அங்கே சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகிப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. தாரும் பிளாஸ்டிக்கும் இரண்டுமே பெட்ரோலியத்தில் வந்தவை, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன.

சிமென்ட் கான்கிரீட்டில் உருகும் சூடும் இல்லை, அந்த உறவும் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் துண்டைச் சிமென்ட் பசை பிடிக்காது. ஒவ்வொரு துண்டும் ஓர் ஓட்டை போலத்தான். மணலுக்குப் பதிலாகச் சேர்க்கச் சேர்க்க வலிமை இறங்கும். தீப்பிடித்தால் உருகி வெற்றிடம் ஆகும். உடைக்கும் காலத்தில் பிளாஸ்டிக் தூள் மண்ணில் கலக்கும். வீட்டுக் கான்கிரீட்டில் இதைச் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கென்று அளந்து தயாரித்த பாலிப்ரொப்பிலீன் இழை வேறு சங்கதி. கன மீட்டருக்கு 900 கிராம் அளவில் போடும் அந்த இழை, கான்கிரீட் காயும் முதல் சில மணி நேரத்து மயிரிழை வெடிப்பைக் குறைக்கும்.

காரைக்குடி வாசகர்: கண்ணாடி பாட்டில்களை நொறுக்கிச் சேர்க்கலாமா?

பதில்: துகளின் பருமனைப் பொறுத்து நன்மையும் தீமையும் மாறும் பொருள் இது. சில்லாகச் சேர்த்தால், கண்ணாடியின் சிலிக்கா சிமென்ட்டின் காரத்தோடு சேர்ந்து கூழாகி, ஈரம் பட்டால் உப்பி, கான்கிரீட்டை வலைப்பின்னலாக வெடிக்க வைக்கும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிதாக அரைத்தால் அதே சிலிக்கா சாம்பலைப் போல வேலை செய்யும். அப்படி அரைக்க மில் வேண்டும். உலக்கையில் இடித்து வராது.

மன்னார்குடி வாசகர்: ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் மலையாகக் குவிந்திருக்கிறது. இதில் சிலிக்கா அதிகம் என்று படித்தேன். ஹாலோ பிளாக் தயாரிப்பில் பயன்படுமா?

பதில்: ஒரு டன் நெல்லில் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கும். ஆனால் சிலிக்கா எவ்வளவு என்பதைவிட, எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஏறத்தாழ 700 டிகிரிக்குள் எரிந்தால் சுண்ணாம்போடு உடனே வினைபுரியும் நிலையில் இருக்கும். அதற்கு மேல் நெடுநேரம் எரிந்தால் படிகமாகி மணலைப் போலச் செயலற்றுப்போகும். மில் பாய்லரில் சூட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரே குவியலில் கரியும் இருக்கும், படிகமும் இருக்கும்.

குவியலில் கறுப்பை ஒதுக்கி, வெளிர்ச் சாம்பல் நிறத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். பந்து மில்லில் அரைத்து, எடை இழப்புச் சோதனைக்குக் கொடுங்கள். பிறகு சிமென்ட்டில் 10 சதவீதம் மாற்றி ஒரு தொகுதி பிளாக் போட்டு, 28 நாளில் உடைத்துப் பாருங்கள். துகளுக்குள்ளே நுண்ணறைகள் இருப்பதால் தண்ணீர் அதிகம் கேட்கும். தண்ணீரைக் கூட்டாமல் அட்மிக்சரைக் கூட்டுங்கள். அரைக்காத சாம்பலை அப்படியே போட்டால் பிளாக்கின் விளிம்பு உதிரும்.

கோவை, சிவில் டிப்ளமோ மாணவி: சாம்பல் கலந்த கான்கிரீட் வலிமை கூடியதா என்று கியூப் சோதனையில் எப்படி நியாயமாக ஒப்பிடுவது?

பதில்: இரண்டு கலவைக்கும் ஜல்லி, மணல், ஸ்லம்ப் (ஈரக் கலவையின் இளக்கம்) ஒன்றாக இருக்கட்டும். 150 மில்லிமீட்டர் கியூப் கலவைக்குப் பன்னிரண்டு வாருங்கள். 7, 28, 56, 90ஆம் நாளில் மும்மூன்று. மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து. மறுநாள் அச்சைப் பிரித்து 27 டிகிரித் தண்ணீரில் போட்டு, சோதிக்கும் நாளன்றுதான் வெளியே எடுக்க வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியைத் தள்ளிவிடுங்கள்.

எம்20 என்றால் அந்தக் கியூப் 450 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 46 டன் தாங்க வேண்டும். வார்த்த பக்கத்து முகங்களில்தான் பாரம் இறங்க வேண்டும். கரண்டியால் தேய்த்த மேல்முகத்தை இயந்திரத் தட்டுக்குக் கீழ் வைத்தால் மேடுபள்ளத்தால் முன்கூட்டியே உடைந்து, நல்ல கலவையும் தோற்றதாகக் காட்டும். ஏழாம் நாள் எண்ணை வைத்துச் சாம்பல் கலவையைத் தீர்ப்பிடாதீர்கள். 28ஆம் நாள் எண்ணை ஒப்பந்தத்துக்கும், 56, 90ஆம் நாள் எண்களைப் பொருளை ஒப்பிடவும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னும் மூன்று கியூபைத் தொட்டியில் போடாமல், தளத்துக்குக் காட்டும் அதே தண்ணீரில் தளத்தின் மேலேயே வைத்து 28ஆம் நாள் உடையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அந்தத் தளத்தில் தண்ணீர் காட்டும் வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டிவிடும்.